குளஸ்டர் கோப்பு முறைமை: கட்டுமானத் திட்டமும் விடுபட்ட மராமத்தும்

பல கணினிகளில் உள்ள வன்தட்டுகளை ஒன்றுசேர்த்து, ஒரே பெரிய சேமிப்பிடம் போலக் காட்டும் கட்டற்ற மென்பொருள் குளஸ்டர் கோப்பு முறைமை. குனு, கிளஸ்டர் என்னும் இரு சொற்களை ஒட்டி உருவான பெயர் இது. தமிழ் எழுத்தில் இரண்டையும் ஒன்றாக எழுதினால் குழப்பம் வரும் என்பதால், இக்கட்டுரையில் மென்பொருளைக் குளஸ்டர் என்றும், கணினிகளின் கூட்டத்தைக் கணினிக் கொத்து என்றும் குறிப்பிடுகிறேன்.

குளஸ்டரின் வளர்ச்சித் திட்டங்கள் பொதுவெளியில் கிடக்கின்றன. எந்த வசதி எந்தப் பதிப்பில் வரும், அதற்குப் பொறுப்பு யார், எப்படிச் சோதிப்பது என்பதையெல்லாம் எவரும் எடுத்துப் படிக்கலாம். ஒரு பெரிய மென்பொருளை எப்படித் திட்டமிடுகிறார்கள் என்று அறிய விரும்பும் மாணவருக்கு இது நல்ல பாடம். அந்தத் திட்டங்களில் புதிய கட்டுமானத்துக்குக் கிடைத்த இடம், கட்டி முடித்ததைப் பராமரிக்கும் வேலைக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் என் விமர்சனம். குறிப்பாக அதன் நிரல் நூலகத்தை வைத்து இதைக் காட்ட முயல்கிறேன்.

தேனி மாவட்டத்து வாசகருக்கு இந்த வேறுபாட்டை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நம்பியிருக்கிறது. முதல் போகத்துக்குத் தண்ணீர் திறக்கும் நாளில் மலர் தூவும் படம் செய்தித்தாளில் வரும். அதற்கு முன் வாய்க்காலில் மண்டிய செடியை வெட்டி, சேற்றை வாரி, உடைந்த மடையைச் சரிசெய்த வேலைக்குப் பெரும்பாலும் படம் வருவதில்லை. ஆனால் அந்த வேலை நடக்காவிட்டால் கடைமடைக்காரருக்குத் தண்ணீர் இல்லை. அதற்கு மராமத்து என்று பெயர். ஊரார் கூடிச் செய்தால் குடிமராமத்து. மென்பொருள் பற்றி எழுதுவோர் 'பராமரிப்பு' என்கிறார்கள். அந்தச் சொல்லில் சேறு ஒட்டவில்லை. நான் மராமத்து என்றே எழுதுகிறேன்.

தோற்றம்

குளஸ்டரைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் ஆனந்த் பாபு பெரியசாமி. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியல் படித்தவர். அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்துக்காகக் கலிபோர்னியா டிஜிட்டல் என்ற நிறுவனம் அமைத்த 'தண்டர்' மீக்கணினியில் பணியாற்றினார். 2004 ஜூன் மாத உலகப் பட்டியலில் அது இரண்டாம் இடம் பிடித்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட கணினிகளைக் கட்டி மேய்த்த அந்த அனுபவத்திலிருந்து 2005இல் குளஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்டது. நிரல் எழுதிய குழுவில் பெரும்பகுதி பெங்களூருவில் இருந்தது.

அதன் அடிப்படை எண்ணம் எளிமையானது. போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய் வியாபாரிக்குப் பத்துக் கிடங்குகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எந்த மூட்டை எந்தக் கிடங்கில் இருக்கிறது என்று கணக்குப்பிள்ளை பேரேட்டில் எழுதி வைப்பது ஒரு வழி. மூட்டையின் மேல் எழுதிய குறியைக் கொண்டே கிடங்கு எண்ணைக் கணக்கிடும்படி விதி வகுத்துவிடுவது இன்னொரு வழி. இரண்டாவது வழியில் பேரேடு தேவையில்லை. கணக்குப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் வியாபாரம் நிற்காது. குளஸ்டர் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தது. கோப்பின் பெயரிலிருந்து ஓர் எண்ணைக் கணக்கிட்டு, அந்த எண் எந்தக் கணினிக்கு உரியதோ அங்கே கோப்பை வைக்கும். அக்காலத்தில் பல கோப்பு முறைமைகள் பேரேடு போல ஒரு தனி வழங்கியை நம்பியிருந்தன. அது விழுந்தால் எல்லாம் விழும். குளஸ்டரில் அந்தப் பயம் இல்லை.

இதற்கு விலையும் உண்டு. பதினோராவது கிடங்கு சேர்த்தால் மூட்டைகளில் ஒரு பகுதியை இடம் மாற்ற வேண்டும். ஒரு கோப்புறையைப் புதிதாக உருவாக்கினால் எல்லாக் கணினியிலும் உருவாக்க வேண்டும். இந்த இரண்டாவது விலை பின்னால் பெரிதாகப் பேசப்பட்டது.

இன்னொரு நல்ல முடிவு, வேலைகளை அடுக்குகளாகப் பிரித்தது. பகிர்வது ஓர் அடுக்கு, நகலெடுப்பது ஓர் அடுக்கு, தற்காலிகமாக நினைவில் வைப்பது ஓர் அடுக்கு. இவற்றை டிரான்ஸ்லேட்டர் என்று அழைத்தார்கள். குனு ஹர்ட் இயங்குதளத்திலிருந்து கடன் வாங்கிய கருத்து. ஓர் அடுக்கைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம். புதிய வசதி சேர்க்க நினைக்கும் நிரலருக்கு இது பெரிய வாய்ப்பு. வாய்ப்பு அதிகமாக இருந்ததே பிறகு சுமையாகவும் ஆனது என்பது என் எண்ணம்.

நூலகம் ஏன் தேவைப்பட்டது

குளஸ்டர் கெர்னலுக்கு வெளியே, சாதாரண நிரலாகவே ஓடுகிறது. ஃபியூஸ் என்னும் இடைமுகம் அதைக் கெர்னலோடு இணைக்கிறது. ஒரு நிரல் கோப்பைப் படிக்கக் கேட்டால், அக்கோரிக்கை கெர்னலுக்குள் போய், அங்கிருந்து வெளியே வந்து குளஸ்டரை அடைந்து, பிறகு வலையமைப்பில் இறங்கும். விடையும் இதே சுற்றுப்பாதையில் திரும்பும். சின்னச் சின்னக் கோரிக்கைகள் ஆயிரக்கணக்கில் வரும்போது இந்தப் போக்குவரத்தே பெரும் செலவாகிவிடும்.

மெய்நிகர் கணினிகளை ஓட்டும் கியூஇஎம்யூ, விண்டோஸ் கணினிகளுக்குக் கோப்பு வழங்கும் சாம்பா, என்எஃப்எஸ் கனேஷா போன்ற மென்பொருள்களுக்கு இந்தச் சுற்று தேவையில்லை. அவை குளஸ்டரை நேரடியாக அழைக்க முடிந்தால் போதும். அதற்காக வந்த நிரல் நூலகம்தான் லிப்-ஜிஎஃப்-ஏபிஐ. 2013 ஜூலையில் வந்த 3.4 பதிப்பில் அது அறிமுகமானது. கியூஇஎம்யூ அதற்கும் முன்பே, 2012 டிசம்பரில் வெளியான தன் 1.3 பதிப்பிலேயே குளஸ்டருக்கு இடம் கொடுத்துவிட்டது. நூலகத்தின் முறையான வெளியீட்டுக்கு முன்பே பயனர் வந்து காத்திருந்தார் என்றால், தேவையைச் சரியாகக் கணித்த திட்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் தனி நிரலாக இருப்பதும் நூலகமாக இருப்பதும் ஒன்றல்ல. தனி நிரல் தன் வீட்டில் குடியிருக்கிறது. நூலகம் அடுத்தவர் வீட்டில் வாடகைக்கு இருக்கிறது. திட்டத்தில் இந்த வேறுபாடு போதிய அளவு எடைபோடப்படவில்லை. மூன்று இடங்களில் இது வெளிப்பட்டது.

முதலாவது நினைவகக் கசிவு. குளஸ்டரின் அடுக்குகள் முதலில் எழுதப்பட்டது தனி நிரலுக்காக. சேமிப்பிடத்தைக் கழற்றினால் அந்த நிரலே முடிந்துவிடும். அது எடுத்த நினைவகத்தை இயங்குதளம் திரும்ப வாங்கிக்கொள்ளும். ஆகவே ஒவ்வோர் அடுக்கிலும் 'முடித்துவைக்கும்' செயல்கூறு பெயரளவில் இருந்தாலும், எடுத்ததை எல்லாம் ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் ஏற்படவில்லை. நூலகமாக மாறியதும் நிலைமை வேறு. அதைத் தாங்கும் நிரல் மாதக்கணக்கில் ஓடும். அதனுள் குளஸ்டர் இணைப்பு பலமுறை திறந்து மூடப்படும். ஒவ்வொரு மூடலிலும் கொஞ்சம் நினைவகம் மிச்சமாகத் தங்கும். இந்தக் கசிவுகளை அடைப்பதற்கு ஆண்டுக்கணக்கில் திருத்தங்கள் வந்துகொண்டே இருந்தன. நூலகம் என்று முடிவெடுத்த அன்றே, எல்லா அடுக்குகளின் முடித்துவைக்கும் பகுதியையும் சரிசெய்வது அத்திட்டத்தின் முதல் வேலையாக இருந்திருக்க வேண்டும். அது புதிய வசதி அல்ல என்பதால் பின்னுக்குப் போனது என்றே நான் வாசிக்கிறேன்.

இரண்டாவது, ஒவ்வோர் இணைப்பும் கேட்கும் இடம். ஒரு மெய்நிகர் கணினிக்கு நான்கு வட்டுகள் இருந்தால், கியூஇஎம்யூ நான்கு தனித்தனி குளஸ்டர் இணைப்புகளைத் திறந்தது. நான்குக்கும் தனித்தனி அடுக்குகள், தனித்தனி இழைகள், வலையமைப்பில் தனித்தனித் தொடர்புகள். நினைவகப் பயன்பாடு வட்டுகளின் எண்ணிக்கையோடு பெருகியது. ஒரே சேமிப்பிடத்துக்கு ஒரே இணைப்பைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு 2016 இறுதியில் வந்தது. அது எங்கே வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நூலகத்துக்குள் வரவில்லை, கியூஇஎம்யூவின் நிரலில் வந்தது. வாய்க்காலில் செய்ய வேண்டிய வேலையை வயல்காரர் தன் வரப்பில் செய்துகொண்ட கதை. அடுத்த பயனர் மென்பொருளும் அதே வேலையைத் தன் பங்குக்குச் செய்ய வேண்டியதாயிற்று.

மூன்றாவது, கொடுத்த வாக்கு. நூலகத்தின் ஒரு செயல்கூறு எத்தனை மதிப்புகளை எந்த வரிசையில் கேட்கும் என்பது அதைப் பயன்படுத்துவோருக்குக் கொடுத்த வாக்கு. 2019 மார்ச்சில் வந்த ஆறாம் பதிப்பில் கோப்பின் நீளத்தைக் குறைக்கும் செயல்கூறு உள்ளிட்ட சில மாற்றப்பட்டன. செயலுக்கு முன்னும் பின்னும் கோப்பின் நிலை என்ன என்பதைத் திருப்பித் தரக் கூடுதல் மதிப்புகள் சேர்ந்தன. கோப்பு வழங்கிகளுக்கு இது உதவும். கியூஇஎம்யூவுக்கு இதனால் பயன் ஒன்றுமில்லை; இருந்தும் அதன் நிரலர்கள் தங்கள் நிரலைத் திருத்தி, எந்தப் பதிப்பு நூலகம் இருக்கிறது என்று தொகுக்கும்போதே கண்டறியும் சோதனையையும் எழுத வேண்டியிருந்தது.

இங்கே குளஸ்டருக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். நூலகத்தின் ஒவ்வொரு செயல்கூற்றுக்கும் பதிப்பு எண் ஒட்டி வைத்திருந்தார்கள். ஆகவே ஏற்கெனவே தொகுத்து ஓடிக்கொண்டிருந்த நிரல்கள் உடையவில்லை. பழைய எண்ணுள்ள செயல்கூறு அவற்றுக்காக உள்ளே இருந்தது. உடைந்தது மூலநிரலிலிருந்து புதிதாகத் தொகுப்பவர்களுக்குத்தான். இது பாதி வாக்கைக் காப்பாற்றிய முறை. பழைய பெயரை அப்படியே விட்டு, கூடுதல் மதிப்பு வேண்டுவோருக்கு வேறு பெயரில் புதிய செயல்கூறு கொடுத்திருந்தால் முழு வாக்கும் நின்றிருக்கும். ஃபியூஸ் நூலகம் வேறு வழியில் போனது. 2016 டிசம்பரில் மூன்றாம் தலைமுறை வந்தபோது பழையதும் புதியதும் ஒரே கணினியில் அருகருகே இருக்க முடியும்படி செய்தார்கள். அதுவும் வலியில்லாத வழி அல்ல. உபுண்டு 22.04இல் ஆப்இமேஜ் நிரல்கள் திறக்காமல், பழைய ஃபியூஸ் இரண்டைத் தேடி நிறுவிய மாணவர்களுக்கு இது தெரியும். ஆனால் அங்கே எது மாறியது, எது மாறவில்லை என்பதாவது பெயரிலேயே தெரிந்தது.

படிவத்தில் இல்லாத கேள்வி

குளஸ்டரில் ஒரு புதிய வசதியை முன்மொழிய ஒரு படிவம் இருந்தது. சுருக்கம், பொறுப்பாளர்கள், தற்போதைய நிலை, விரிவான விளக்கம், குளஸ்டருக்கு என்ன நன்மை, எந்தெந்தப் பகுதியைத் தொடும், நிர்வாகத்தில் என்ன பாதிப்பு, வட்டில் எழுதும் முறையில் என்ன மாற்றம், எப்படிச் சோதிப்பது, பயனருக்கு என்ன தெரியும், எதை நம்பியிருக்கிறது, ஆவணம் எங்கே என்றெல்லாம் தலைப்புகள். நம் கல்லூரிகளில் இறுதியாண்டுத் திட்டப்பணிக்குக் கொடுக்கும் படிவங்களைவிட இது எவ்வளவோ மேல். 'எந்தப் பகுதியைத் தொடும்' என்ற ஒரு தலைப்புக்காகவே இதை மாணவர்கள் பார்த்துப் பழக வேண்டும்.

அதில் இல்லாதவை இரண்டு கேள்விகள். இந்த வசதியை எழுதியவர் வேலை மாறிப் போனால் மூன்று ஆண்டு கழித்து யார் பார்ப்பார்? இதை ஒருநாள் எடுத்துவிட நேர்ந்தால் எப்படி எடுப்பது?

அடிக்கடி பயன்படும் கோப்புகளை வேகமான வட்டிலும் மற்றவற்றை மெதுவான வட்டிலும் வைக்கும் அடுக்குச் சேமிப்பு வசதி 2015இல் 3.7 பதிப்பில் வந்தது. 2019இல் ஆறாம் பதிப்போடு போய்விட்டது. கோப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து வைக்கும் வசதி, மறையாக்க அடுக்கு, வேறு சில அடுக்குகள் எனப் பலவும் அந்தக் காலகட்டத்தில் ஓய்வு பெற்றன. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பார்க்க ஆளில்லாத அடுக்குகளைக் கழற்றியது குளஸ்டர் வரலாற்றில் நடந்த சிறந்த மராமத்துகளில் ஒன்று. வெளியீட்டுக் குறிப்பில் முன்கூட்டியே அறிவித்தும் செய்தார்கள். குறை, உள்ளே விடும்போது கேட்காததில் இருக்கிறது. நான்கே ஆண்டு வாழ்ந்த ஒரு வசதியை நம்பித் தன் தரவை வைத்தவருக்கு, வரும் வழி விரிவாக எழுதப்பட்டிருந்தது. போகும் வழி எழுதப்படவில்லை.

நாட்காட்டியும் இதே போக்கைக் காட்டுகிறது. 2017இல் மட்டும் 3.10, 3.11, 3.12, 3.13 என்று நான்கு பதிப்புகள் வெளிவந்தன. ஒன்றுவிட்டு ஒன்று நீண்டகால ஆதரவுப் பதிப்பு, இடையில் வருவது குறுகிய ஆயுள் கொண்டது. நிரலருக்கு இது வசதி. தன் வேலை இந்த முறை சேராவிட்டால் மூன்று மாதத்தில் அடுத்த பேருந்து வரும். நூலகத்தை நம்பியிருப்பவருக்கோ ஒவ்வொரு பேருந்தையும் நின்று பார்க்க வேண்டிய நிலை.

நான்காம் பதிப்பு என்னும் கனவு

குளஸ்டர் திட்டங்களிலேயே மிகப் பெரியது நான்காம் பதிப்புக்கானது. அதன் நோயறிதல் துல்லியமாக இருந்தது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். கோப்புறைகளை எல்லாக் கணினியிலும் உருவாக்க வேண்டியிருப்பது பெரிய கொத்துகளில் தாங்காது. ஆகவே பகிர்வு அடுக்கைப் புதிதாக எழுதுவது. நகலெடுக்கும் வேலையைப் பயனர் பக்கத்துக் கணினியே செய்வதால் அதன் வலையமைப்பு வேகம் பங்குபோகிறது. ஆகவே வழங்கிகளுக்குள் ஒன்று தலைமை ஏற்று, குறிப்பேட்டில் எழுதி, மற்றவற்றுக்கு அனுப்பும் புதிய நகல் அடுக்கை எழுதுவது. கொத்தை நிர்வகிக்கும் நிரலில் ஒவ்வொரு கணினியும் மற்ற எல்லாவற்றோடும் பேச வேண்டியிருக்கிறது. 100 கணினி என்றால் 4,950 இணைகள். ஆகவே அதையும் கோ மொழியில், எட்சிடி என்னும் தரவுக் களஞ்சியத்தைத் துணைக்கு வைத்துப் புதிதாக எழுதுவது.

மூன்றும் சரியான காரணங்கள். மூன்றையும் ஒரே பதிப்பு எண்ணில் கட்டியதுதான் தவறு. பகிர்வு, நகல், நிர்வாகம் மூன்றும் அந்த வீட்டின் தூண்கள். மூன்று தூணையும் ஒரே நேரத்தில் மாற்றப் போகிறோம், வீட்டில் ஆட்கள் குடியிருப்பார்கள் என்பது திட்டம். 2018 மார்ச்சில் நான்காம் பதிப்பு வந்தபோது புதிய பகிர்வு அடுக்கும் இல்லை, புதிய நகல் அடுக்கும் இல்லை. புதிய நிர்வாக நிரல் மட்டும் முன்னோட்டம் என்ற பெயரில் வந்தது. பிறகு அதுவும் கைவிடப்பட்டது. பழைய நிர்வாக நிரலே பதினோராம் பதிப்பு வரை ஓடியது.

பழைய நிரலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தியிருந்தால் இதைவிடத் தொலைவு போயிருக்கலாம் என்று நினைக்கிறேன். இதற்கு எதிர்வாதம் உண்டு: அடித்தளமே தவறு என்றால் ஒட்டுப்போட்டுப் பயனில்லை. இந்த வாதம் பல இடங்களில் செல்லும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் சேமிப்பு முறைமைக்கு அதைச் சொல்லும் முன் முல்லைப் பெரியாறு அணையை நினைத்துப் பார்க்கலாம். 1895இல் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டி முடித்த அணை. 1979க்குப் பிறகு அதைப் பலப்படுத்தியபோது, மேலே கான்கிரீட் எடை ஏற்றினார்கள்; எஃகு வடங்களை உள்ளே இறக்கி அடிப்பாறையோடு பிணைத்தார்கள்; பின்புறம் கான்கிரீட் தாங்குசுவர் சேர்த்தார்கள். மூன்றும் மூன்று தனி வேலைகள். ஒன்று முடிந்தால் அந்த அளவுக்குப் பலம் கூடும். அடுத்தது தாமதமானாலும் முந்தையது வீணாகாது. இத்தனைக்கும் நடுவே நீர்மட்டத்தைக் குறைத்து வைத்துப் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். அணையின் அரசியலும் வழக்கும் இங்கே நம் பேச்சு அல்ல. பயன்பாட்டில் உள்ள ஒன்றை எந்த வரிசையில் தொடுவது என்பதற்கு நம் கண்முன் இருக்கும் எடுத்துக்காட்டாக மட்டும் சொல்கிறேன். நான்காம் பதிப்பின் மூன்று வேலைகளில் எதுவுமே பாதி முடிந்த நிலையில் பயனருக்குப் பயன் தரும்படி வடிவமைக்கப்படவில்லை.

பணம் யாருடையது

எல்லாப் பழியையும் திட்டத்தின் மேல் போடுவது சரியில்லை. 2011 அக்டோபரில் ரெட் ஹேட் நிறுவனம் ஏறத்தாழ 13.6 கோடி டாலருக்குக் குளஸ்டரை வாங்கியது. 2014இல் அதே ரெட் ஹேட், செஃப் என்னும் போட்டி மென்பொருளை வளர்த்த இங்க்டேங்க் நிறுவனத்தை 17.5 கோடி டாலருக்கு வாங்கியது. ஒரே வீட்டில் இரண்டு சேமிப்பு மென்பொருள்கள். குளஸ்டரின் முக்கிய நிரலர்களில் பலர் சம்பளம் வாங்கியது அந்த ஒரே இடத்தில். செஃப் மென்பொருளுக்கு 2018இல் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் பல நிறுவனங்கள் சேர்ந்த தனி அமைப்பு உருவானது. குளஸ்டருக்கு அப்படிப்பட்ட பலகால் கட்டில் கிடைக்கவில்லை. ரெட் ஹேட்டின் குளஸ்டர் விற்பனைப் பொருளுக்கான ஆதரவு 2024 டிசம்பர் 31உடன் முடிந்தது.

பணம் போனால் மென்பொருள் போகும், திட்டம் என்ன செய்யும் என்று கேட்கலாம். எஸ்கியூலைட் என்ற தரவுத்தள நூலகத்தைப் பாருங்கள். நம் கைபேசிகள் ஒவ்வொன்றிலும் இருக்கிறது. அதை எழுதுவது மிகச் சிறிய குழு. 2050 வரை ஆதரவு தருவது தங்கள் நோக்கம் என்று அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ஆண்டு எண் திட்டத்தில் இருப்பதால், எதைச் சேர்ப்பது என்பதைவிட எதைச் சேர்க்காமல் விடுவது என்ற கேள்வி அவர்களுக்கு முதலில் வருகிறது. குளஸ்டர் திட்டங்களில் அடுத்த பதிப்பு எண் இருந்தது; இப்படி ஓர் ஆண்டு எண் இருந்ததில்லை.

பெரியசாமி 2014இல் மினியோ என்னும் இன்னொரு சேமிப்பு மென்பொருளைத் தொடங்கினார். இந்த முறை பயனர் முன் வைத்த இடைமுகம் மிகக் குறுகியது. அமேசானின் எஸ்3 முறையில் பேசினால் போதும். குளஸ்டரில் கற்ற பாடம் அதில் தெரிகிறது. ஆனால் 2021இல் உரிமம் ஏஜிபிஎல்லுக்கு மாறியது. 2025இல் இலவசப் பதிப்பின் நிர்வாகத் திரையிலிருந்து பல வசதிகள் நீக்கப்பட்டன. ஒற்றைச் சம்பளக்காரரைச் சார்ந்திருக்கும் சிக்கல் அங்கும் தீரவில்லை.

மாணவருக்கு இதில் என்ன இருக்கிறது

தேனி, போடி, உத்தமபாளையம் பக்கம் கணினி படிக்கும் மாணவர்கள் பலர் இறுதியாண்டில் புதிதாக ஒன்றைச் செய்தாக வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கிறார்கள். 'புதுமை' என்று ஒரு கட்டம் மதிப்பெண் தாளில் இருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் நூலகத்தில் ஒரு கசிவைக் கண்டுபிடித்து அடைத்தேன் என்று சொன்னால் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று மேற்பார்வையாளருக்கே தெரியாது. நூற்றுக்கணக்கில் வருகைப்பதிவுச் செயலிகள் பிறந்து, வாய்மொழித் தேர்வு முடிந்த மாலையே இறந்துபோவது இதனால்தான்.

குளஸ்டர் நூலகம் போன்ற ஒன்றை எடுத்து, இணைப்பைத் திறந்து மூடும் பத்து வரி நிரலை எழுதி, அதை வால்கிரைண்டின் கீழ் நூறுமுறை ஓட்டிப் பார்ப்பது இரண்டு நாள் வேலை. எந்த அடுக்கு எவ்வளவு நினைவகத்தைத் திருப்பித் தரவில்லை என்று அது வரிசை எண்ணோடு சொல்லும். அதில் ஒன்றை எடுத்து, அந்த அடுக்கு நினைவகத்தை எங்கே வாங்குகிறது, யார் இன்னும் அதைக் கையில் வைத்திருக்கிறார்கள், எப்போது விடுவது பாதுகாப்பு என்று தேடுவது ஒரு பருவ காலத்துக்குப் போதுமான வேலை. சுட்டிகளும், ஒரே தரவைப் பல இழைகள் பகிர்வதும் பாடப்புத்தகத்தில் எவ்வளவு படித்தாலும் இதில் கற்பதற்கு ஈடாகாது. திருத்தத்தை அனுப்பினால், சோதனைத் தொகுப்பு அதை எப்படித் தள்ளுகிறது என்பதும் தெரியவரும். 2020 முதல் குளஸ்டரின் பிழைப்பட்டியலும் நிரல் பரிசீலனையும் கிட்ஹப்பில் இருக்கின்றன. தனிக் கணக்குகளுக்கு அலைய வேண்டியதில்லை.

2023 பிப்ரவரியில் பதினோராம் பதிப்பு வெளியானது. அதன்பின் வேகம் வெகுவாகத் தளர்ந்துவிட்டது. குளஸ்டரில் பல ஆண்டு உழைத்த சிலர் பெங்களூருவில் 'கடலு' என்ற திட்டத்தைத் தொடங்கி, கொள்கலன்களுக்கான சேமிப்பாக அதைச் சுருக்கி எடுத்துக்கொண்டார்கள். கன்னடத்தில் கடலு என்றால் நம் கடல்தான். எல்லா வசதிகளையும் சுமக்காமல், தங்களுக்குத் தேவையான அடுக்குகளை மட்டும் எடுத்துக்கொண்டது கவனிக்கத்தக்கது. கியூஇஎம்யூவோ, 2024 டிசம்பரில் வந்த 9.2 பதிப்பில், குளஸ்டரின் வளர்ச்சி நடைமுறையில் நின்றுவிட்டது என்ற காரணத்தைக் காட்டி, அதற்கான இணைப்பை வழக்கொழியும் பட்டியலில் சேர்த்தது. 1.3 பதிப்பில் அது வந்து சேர்ந்து சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.